போனை யார் எடுப்பது? புயல் நாளில் வட சென்னைக் கூரைகள் கேட்கும் கேள்வி

வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதும் செய்தியில் தவறாமல் ஒரு வரி வரும்: சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். செல்போனில் ராடார் படம் பார்க்கிற இந்தக் காலத்திலும் காசிமேடு, ராயபுரம் பக்கம் "எத்தனாம் நம்பர் கூண்டு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகப் பகுதியிலேயே வானிலை மோசமாகலாம். 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம்.

பட்டியலில் கடைசியாக 11 என்று ஓர் எண் உண்டு. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். அதாவது, தகவல் வராமல் போவதையே ஓர் ஆபத்தாக அறிவிக்கத் துறைமுகத்தில் தனியாக ஒரு கூண்டு வைத்திருக்கிறார்கள்.

துறைமுகத்துக்கு வெளியே, அதே ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஷீட் கூரையின் கீழ் வசிக்கிற குடும்பங்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. ஷீட் பறந்ததும் அவர்கள் கூப்பிடுவது தெரிந்த ஒரு மேஸ்திரியை. மணி அடிக்கும். யாரும் எடுக்க மாட்டார்கள். அதன் பிறகு நடப்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

வட சென்னைக்கு இது ஏன் பெரிய விஷயம்?

வட சென்னையின் கடலோரத்தில் கான்கிரீட் தளத்துக்குச் சமமாக ஷீட் கூரைகளும் கண்ணில் படும். மீனவக் குப்பங்களில் சிமெண்ட் ஷீட், அதாவது பேச்சு வழக்கில் ஆஸ்பெஸ்டாஸ். மாடி மேல் கூடுதலாகப் போட்ட அறைகளுக்குத் தகர ஷீட் அல்லது கலர் ஷீட். எண்ணூர் விரைவுச் சாலை, திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பட்டறைகள், குடோன்கள், ஐஸ் கம்பெனிகள் என எல்லாவற்றுக்கும் மேலே ஷீட்தான்.

இந்த ஷீட்களை அடியில் இருக்கும் ஆங்கிளோடு பிடித்து வைத்திருப்பது 'ஜே' வடிவ ஹூக்கும் நட்டும். கடற்காற்றின் உப்பு இரண்டையும் அரித்துவிடும். கீழே நின்று பார்த்தால் கூரை நன்றாகத்தான் தெரியும். மேலே நட்டைச் சுற்றித் துரு பிடித்து, கையால் திருகினாலே உடையும் நிலையில் இருக்கும்.

காற்று கூரையை மேலிருந்து அழுத்தும் என்றுதான் பலர் நினைக்கிறோம். உண்மையில் வேகமான காற்று கூரையின் மேலே பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. ஷீட் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. ஓரங்களிலும் மூலைகளிலும் இந்த இழுவை அதிகம். காற்று வரும் பக்கத்துக் கதவோ ஜன்னலோ திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். அரித்துப்போன ஹூக் இந்த இரண்டையும் தாங்காது.

வானிலைத் துறையின் கணக்கில் காற்று மணிக்கு 62 கி.மீ. தொட்டால் அது புயல். 89 கி.மீ. தொட்டால் தீவிரப் புயல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசியது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மின்சாரமும் செல்போன் சிக்னலும் திரும்பப் பல இடங்களில் நாள்கணக்கானது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வேறு மாதிரி: காற்றைவிட மழையும் வெள்ளமும் அதிகம். எண்ணூர், எர்ணாவூர் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. ஒவ்வொரு முறையும் ஆபத்து வேறு, ஆனால் மக்கள் கையில் எடுப்பது ஒன்றுதான்: போன்.

மேஸ்திரி ஏன் போனை எடுப்பதில்லை?

பதில் எளிது. அவர் மேலே இருக்கிறார்.

ஷீட் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் சிறு குழுக்கள். ஒரு மேஸ்திரி, இரண்டு மூன்று ஆட்கள், ஒரு வெல்டர், ஓர் ஏணி. ஆபீஸ் கிடையாது. மேஸ்திரியின் சட்டைப் பையில் இருக்கும் போன்தான் கம்பெனியின் தொலைபேசி. சாதாரண நாளில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஸ்டு கால்களைப் பார்த்துத் திரும்பக் கூப்பிடுவார். புயல் கடந்த மறுநாள் காலையில் அது நடக்காது. ஒரே நேரத்தில் ஒரு ஊரே கூப்பிடும்.

அந்த நேரத்தில் அவர் போனை எடுக்கவும் கூடாது. சிமெண்ட் ஷீட் வளையாது, உடையும். ஹூக் வரிசைக்கு நேராக, அடியில் ஆங்கிள் இருக்கும் இடத்தில், பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். ஒரு காலடி தவறினால் ஷீட் உடைந்து நேராகத் தரையில் விழ வேண்டியதுதான். ஈரமான ஷீட்டில் ஒரு கையில் போனைப் பிடித்தபடி நிற்பவருக்கு மறு கையில் பிடிமானம் இருக்காது.

எனவே போனை எடுக்காத மேஸ்திரி மேல் தப்பில்லை. ஆனால் எடுக்கப்படாத போனுக்கு ஒரு விலை உண்டு. மூன்று முறை போட்டுப் பார்த்த வீட்டுக்காரர், "சரி, நாமே பாத்துக்கலாம்" என்று பக்கத்து வீட்டு ஏணியை வாங்குவார். மழை விட்டிருக்காது. அறுந்த ஒயர் எங்கே கிடக்கிறது என்று தெரியாது. எந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது என்பதும் தெரியாது. புயலில் தப்பித்தவர், புயல் ஓய்ந்த பிறகு தன் வீட்டுக் கூரையிலிருந்தே விழும் ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. சரியான நேரத்தில் யாராவது போனை எடுத்து, "அண்ணே, இன்னைக்கு மேல ஏறாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

1913-க்குப் போட்டால் போதாதா?

1913 சென்னை மாநகராட்சியின் புகார் எண். தேங்கிய தண்ணீர், விழுந்த மரம், நிவாரண முகாம் போன்றவற்றுக்கு அங்கே கூப்பிட வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. மின்சாரப் புகாருக்கு 2021-இல் தொடங்கிய மின்னகம்: 94987 94987. உயிருக்கு ஆபத்து என்றால் 112 அல்லது 108.

இந்த எண்கள் எல்லாம் தேவை, போனில் பதிந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் இவற்றில் எதுவும் உங்கள் வீட்டில் ஷீட் மாற்ற ஆள் அனுப்பாது. அது தனியார் வேலை. அரசு எண்ணுக்கும் மேஸ்திரியின் சட்டைப் பைக்கும் நடுவில் ஒரு காலியிடம் இருக்கிறது.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் இந்தக் காலியிடத்தை நிரப்பவே ஒரு தொழில் இருக்கிறது. ஆலங்கட்டி மழை, சூறாவளி சீசனில் கூரை ஒப்பந்தக்காரர்கள் தங்கள் போனை ஓர் அழைப்பு மையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அங்கே இருப்பவர் ஒப்பந்தக்காரரின் பெயரிலேயே பேசி, முகவரி வாங்கி, ஒழுகுகிறதா, இடிந்துவிட்டதா என்று பிரித்து, அவசரமானதை மட்டும் உடனே மேலே அனுப்புவார். நிமிடக் கணக்கில் கட்டணம். இப்போது சில இடங்களில் ஏ.ஐ. குரலும் இந்த வேலையைச் செய்கிறது.

அங்கே அரசும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. பெரிய சூறாவளிக்குப் பிறகு ராணுவப் பொறியாளர் பிரிவு 'ஆபரேஷன் புளூ ரூஃப்' என்ற பெயரில், பதிவு செய்தவர்களின் சேதமான கூரைகள் மேல் இலவசமாக நீல பிளாஸ்டிக் ஷீட் போர்த்திவிடும். நிரந்தர ரிப்பேர் பிறகு வரும். முதலில் மழை உள்ளே வராமல் நிறுத்துவது. நம் ஊரில் நீலத் தார்ப்பாய் செய்கிற அதே வேலை. வித்தியாசம், கூப்பிட ஓர் எண்ணும் பதிவு செய்ய ஓர் ஆளும் இருப்பது.

இங்கே எப்படி நடத்தலாம்?

ஒரு சிறு மேஸ்திரியால் தனியாகக் கால் சென்டர் வைக்க முடியாது. ஒரு பகுதியில் உள்ள 10 மேஸ்திரிகள் சேர்ந்தால் முடியும். தேவை ஒரு பொது எண், அதை எடுக்க மாறி மாறி இரண்டு பேர், ஒரு நோட்டு, ஒரு பவர் பேங்க். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை மூன்று மாதம் மட்டும். எடுப்பவர் கூரை ஏறத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. வேலையின் பேச்சு தெரிந்து, தெருவின் பெயர் தெரிந்து, பதறாமல் பேசத் தெரிந்தால் போதும். வேலை செய்து வயதாகி ஏணி ஏறுவதை விட்டுவிட்ட மேஸ்திரி இருக்கலாம். மேஸ்திரி வீட்டு அக்கா இருக்கலாம். இன்றும் பல குழுக்களில் கணக்கு எழுதுவதும் ஆளைக் கூப்பிடுவதும் அவர்தான்.

போனைத் திருப்பிவிடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லா அழைப்பையும் திருப்ப வேண்டியதில்லை. பிஸியாக இருந்தால், எடுக்காவிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தால் என்று மூன்று நிபந்தனைகள் போன் செட்டிங்ஸிலேயே இருக்கும். மூன்றாவதுதான் புயலில் முக்கியம். உங்கள் போன் செத்துப்போயிருந்தாலும் திருப்பிவிடும் வேலையைச் செய்வது நெட்வொர்க். எனவே அமைப்பை முன்கூட்டியே போட்டு வைத்தால் போதும்.

இதிலே ஒரு எச்சரிக்கை. கால் ஃபார்வர்டிங் மோசடிகள் பெருகியதால், நட்சத்திரக் குறியோடு ஒரு கோட் அழுத்தித் திருப்பிவிடும் முறையை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. யாராவது போன் செய்து "இந்த நம்பரை அழுத்துங்க" என்றால் அழுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் சிம் நிறுவனத்தின் கடையிலேயே கேட்டுச் செய்யுங்கள்.

இதுகூட முடியாதவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இலவசமாகவே தானியங்கிப் பதில் வைக்கலாம். "வேலையில் இருக்கிறேன். முகவரி, போட்டோ அனுப்புங்கள். மழை நிற்கும் வரை மேலே ஏறாதீர்கள்." இந்த மூன்று வரியே பாதி வேலையைச் செய்துவிடும்.

எடுப்பவர் என்ன கேட்க வேண்டும்?

இப்படி ஒரு போன் வருவதாக வைத்துக்கொள்வோம்:

"ஹலோ, நெட்டுக்குப்பத்துல இருந்து பேசுறேன். ஷீட்டு ரெண்டு பறந்துடுச்சு. மேஸ்திரி எங்க?"

"மேஸ்திரி வேலையில இருக்காருண்ணே, நான் எழுதிக்கிறேன். முதல்ல சொல்லுங்க, யாருக்காவது அடிபட்டிருக்கா?"

இந்த வரிசைதான் முக்கியம். பெயரும் முகவரியும் பிறகு. முதல் கேள்வி: அடிபட்டவர் உண்டா? இருந்தால் 108. இரண்டாவது: ஒயர் அறுந்து கிடக்கிறதா, ஷீட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா? அப்படியென்றால் கைக்கு எட்டும் காய்ந்த இடத்தில் மெயின் ஸ்விட்ச் இருந்தால் மட்டும் அணைத்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து மின்னகத்துக்குக் கூப்பிட வேண்டும். மூன்றாவது: இப்போது யாராவது மேலே ஏறியிருக்கிறார்களா? "உடனே இறங்கச் சொல்லுங்கண்ணே, நான் லைன்ல இருக்கேன்." நான்காவது: வீட்டில் கைக்குழந்தை, வயதானவர், கர்ப்பிணி, நோயாளி உண்டா? ஐந்தாவதாகத்தான் முகவரி, எந்த வகை ஷீட், எத்தனை, போட்டோ.

பதிலை வைத்து மூன்று வரிசை. ஒன்று, உயிர் ஆபத்து: அரசு எண்ணுக்கு அனுப்பி, அவர்கள் எடுத்தார்களா என்று திரும்பக் கேட்பது. இரண்டு, இன்றே தார்ப்பாய் கட்ட வேண்டியவை: குழந்தைகளும் முதியவர்களும் இருந்து, போக வேறு இடம் இல்லாத வீடுகள். மூன்று, இரண்டு நாள் பொறுக்கக்கூடியவை. குடோன்காரர் அதிகப் பணம் தருகிறேன் என்றாலும் வரிசை மாறக் கூடாது. மாறினால் அந்த எண்ணின் மேல் இருக்கும் நம்பிக்கை ஒரே சீசனில் போய்விடும்.

போட்டோ கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மிக்ஜாமுக்குப் பிறகு சேதமடைந்த குடிசைகளுக்கான அரசு நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அரசு நிவாரணமோ இன்சூரன்ஸோ, எதைக் கேட்பதாக இருந்தாலும் ரிப்பேருக்கு முந்தைய நிலையைக் காட்ட வேண்டியிருக்கும். சிறு பட்டறைகளுக்கு 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொதுவான பாலிசி இருக்கிறது. புயல் சேதமும் அதில் அடங்கும். ஷீட்டை மாற்றும் அவசரத்தில் போட்டோ எடுக்க மறந்தவர்கள் பிறகு அலைய வேண்டியிருக்கும். போன் எடுப்பவர் நினைவுபடுத்தினால் அந்த அலைச்சல் மிச்சம்.

"வர்றேன்" என்ற ஒரு சொல்

நம் ஊரில் வேலைக்காரர் "வர்றேன்" என்று சொன்னால் அது இன்று மாலையாகவும் இருக்கலாம், அடுத்த வாரமாகவும் இருக்கலாம். சாதாரண நாளில் சிரித்துவிட்டுப் போகலாம். புயல் நாளில் அந்தச் சொல்லை நம்பி ஒரு குடும்பம் முகாமுக்குப் போகாமல் நனைந்த வீட்டிலேயே காத்திருக்கும்.

ஆகவே எடுப்பவர் தரக்கூடிய பெரிய உதவி, உண்மையான நேரம். "இன்னைக்கு வர முடியாது. வியாழக்கிழமை காலைல வருவாங்க. அதுவரைக்கும் முகாமுக்குப் போயிடுங்க" என்பது கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் அதைக் கேட்டவர் அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்க முடியும். எந்திரக் குரலை வைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று பத்து முறை சொல்வதைவிட, 'இன்று புதிய வேலை எடுக்க முடியாது' என்று ஒரு முறை சொல்வது மேல்.

நோட்டில் முடிந்த வேலையை அடிப்பதும் அதே அளவு முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை இளைஞர்கள் சமூக வலைத்தளங்களிலும் ஆன்லைன் பட்டியல்களிலும் உதவிக் கோரிக்கைகளைத் திரட்டியது ஒரு பெரிய சாதனை. அதே சமயம், ஏற்கெனவே மீட்கப்பட்டவர்களின் முகவரிகளும் திரும்பத் திரும்பப் பகிரப்பட்டு ஆட்கள் வீணாக அலைந்தார்கள். வேலை முடிந்ததும் ஒரு போன் போட்டு "ஒழுகலையேக்கா?" என்று கேட்டு, தேதி போட்டு, அடிக்க வேண்டும்.

நெட்வொர்க்கே போனால்?

இப்போது 11-ஆம் எண் கூண்டுக்குத் திரும்புவோம். செல்போன் டவருக்கு மின்சாரம் போனால் பேட்டரியும் டீசலும் சில மணி நேரம்தான் தாங்கும். அண்மைக் காலப் புயல்களில், 2024 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய டானா உட்பட, ஒரு நிறுவனத்தின் சிக்னல் போனாலும் வேறு நிறுவனத்தின் டவரைப் பயன்படுத்தும் வசதியைத் தொலைத்தொடர்புத் துறை திறந்துவிட்டது. போன் செட்டிங்ஸில் நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் எல்லா டவரும் போனால் அதுவும் உதவாது.

அதற்குத் தயாராக இருப்பது கடினமில்லை. வேறு வேறு நிறுவனத்தின் இரண்டு சிம். காகித நோட்டு. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடம், ஒரு டீக்கடையோ கோயில் வாசலோ சங்கக் கட்டடமோ: "போன் போகலைன்னா காலைல 8 மணிக்கு அங்க வந்து எழுதிட்டுப் போங்க." இதை அக்டோபரிலேயே தெருவில் ஒட்டிவிட வேண்டும். புயல் வந்த பிறகு சொல்ல வழி இருக்காது.

கவனிக்க வேண்டியவை

முகவரிப் பட்டியல் ஒரு பொறுப்பு. கூரையில்லாத, ஆளில்லாத வீடுகளின் பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 50 பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் முகவரியையும் போன் நம்பரையும் போடக் கூடாது. அட்வான்ஸ் கேட்டு வரும் புதிய எண்களை நம்பக் கூடாது. பொது எண்ணில் எடுப்பவர் பணமே வாங்க மாட்டார் என்பதை முதலிலேயே அறிவித்துவிடலாம். ஷீட் விலை, கூலி இரண்டையும் சீசனுக்கு முன்பே குழுவாக எழுதி வைத்துவிட்டால், மறுநாள் விலை இரட்டிப்பாகும் தகராறு குறையும்.

மாநகராட்சிக்கும் இதில் வேலை இருக்கிறது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டல அலுவலகங்கள் ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பரிலேயே பகுதி மேஸ்திரிகளின் பட்டியலை எடுத்து, அவர்களின் பொது எண்ணை 1913 ஊழியர்களிடம் கொடுத்து வைக்கலாம். 'இது எங்கள் வேலை இல்லை' என்று போனை வைப்பதற்குப் பதில், 'இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்' என்று சொல்ல முடியும். 1994 முதல் செயல்படும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் இந்த மேஸ்திரிகளையும் ஆட்களையும் பதிவு செய்யும் முகாமை அதே நாளில் நடத்தலாம். பட்டியலில் வர விரும்புபவருக்கு இரண்டு நிபந்தனை போதும்: நடக்கப் பலகையும் இடுப்புக் கயிறும் வைத்திருக்க வேண்டும், காற்று ஓயும் வரை யாரையும் மேலே ஏற்றக் கூடாது.

இதைப் படிக்கிற நீங்கள் மாடி வீட்டில், கான்கிரீட் தளத்தின் கீழ் இருக்கலாம். ஆனால் உங்கள் அம்மா அப்பா, பாட்டி, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, கம்பெனி குடோன் வாட்ச்மேன் என யாரோ ஒருவர் ஷீட்டின் கீழ் இருப்பார். அடுத்த மழைக்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். அவர்கள் கூப்பிடும் மேஸ்திரிக்கு நீங்களே ஒரு போன் போட்டு, "புயல் நேரத்துல நீங்க எடுக்கலைன்னா வேற யார் எடுப்பாங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் இரண்டாவது எண்ணை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

அவரிடம் இரண்டாவது எண் இல்லையென்றால், அது உங்கள் தெருவில் ஏறிவிட்ட 11-ஆம் எண் கூண்டு. அதை இறக்க இன்னும் நேரம் இருக்கிறது.